படகும் ஒரு பாதையே

ஈழத்துத் தமிழர் பேச்சிலே அருமையான சொல் ஒன்று உண்டு. அகன்ற தட்டை மிதவை ஒன்றில் ஆட்களையும் சைக்கிள்களையும், சில வேளைகளில் பெரிய வண்டிகளையும் ஏற்றி நீரைக் கடத்தி விடுகிறார்களே, அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பாதை’. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடுவது பாதை. மட்டக்களப்பு வாவியில், மண்முனையில், 2014-இல் பாலம் திறக்கும் வரை ஓடியதும் பாதை. ‘பாதை வந்துவிட்டதா?’ என்று துறையில் நிற்பவர்கள் கேட்பதை முதன்முறை செவிமடுப்பவனுக்குச் சிரிப்பு வரும். பாதை எங்கே ஐயா வரும், போகும்? நாமல்லவோ பாதையில் வரவும் போகவும் வேண்டும்?

ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள், தோழர்களே. நீர் சூழ்ந்த ஊரில் பிறந்தவனுக்கு வேறு எது பாதை? நமக்கு வாசலில் கிடக்கும் தெரு அவனுக்குத் துறையில் வந்து நிற்க வேண்டும். வந்தால் அன்று பாதை உண்டு. வராவிட்டால் அன்று அவனுக்கு உலகமே இல்லை. அந்த உண்மையை அறிந்த மக்கள் வைத்த பெயர் அது. தீவுகளுக்கிடையே ஓடும் படகைச் சுற்றுலாப் பொருளாகவோ வாணிபச் சரக்காகவோ கருதுவது தவறு, அது சாலை. சாலைக்குரிய உரிமைகள் அனைத்தும் அதற்கும் உண்டு. இதுவே நான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புவது.

குஷாய்குடாக்காரனுக்குக் கடல் எதற்கு?

‘நீயோ குஷாய்குடாவில் குடியிருப்பவன். கடல் உனக்கு எந்தப் பக்கம் என்றாவது தெரியுமா?’ என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. உண்மைதான். என் தந்தையார் தொழிற்சாலை வேலை தேடித் திண்டுக்கல்லை விட்டு ஐதராபாத்துக்கு வந்தவர். நான் வளர்ந்த இடத்தில் பட்டறைகள் உண்டு; பாறைகள் உண்டு; கோடையில் தண்ணீர் லாரி உண்டு. கடல் இல்லை. ஆயினும் படகை எதிர்பார்த்துத் துறையில் நிற்பவனின் மனம் எனக்கு நன்றாகவே புரியும். ஏனெனில் நான் பேருந்தை எதிர்பார்த்து நின்றவன்.

குஷாய்குடாவில் பேருந்துப் பணிமனை இருப்பது எங்கள் பாக்கியம். விடியற்காலையில் வண்டிகள் வரிசையாக வெளியே வரும். ஈ.சி.ஐ.எல். நாற்சந்தியில் கூட்டம் பிதுங்கும். அந்த வண்டிகளில்தான் வேலைக்காரப் பெண்களும், கட்டடத் தொழிலாளரும், என் போன்ற மாணவர்களும் நகரத்திற்குள் நுழைகிறோம். ஒரு வண்டி வராமற் போனால் ஒருத்தியின் அரை நாட் கூலி போயிற்று. ஒரு மாணவனின் சோதனைக்கூட வகுப்பு போயிற்று. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்கள் அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்கிறார்கள். அதைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். ஆனால் ஒன்றை யாரும் மறுக்க இயலாது: வழிச்செலவுக்கு அஞ்சி வீட்டில் இருந்த பெண்களிற் பலர் இன்று வெளியே வருகிறார்கள். பயணம் என்பது உல்லாசம் அன்று; வாழ்வின் வாயில் என்பதை எங்கள் பேருந்து நிலையத்தில் நின்றே கற்கலாம்.

இந்தக் கல்வியோடுதான் சென்ற கோடை விடுமுறையில் நான் தீவுகளுக்குப் புறப்பட்டேன்.

நெடுந்தீவுப் படகு

சர்லப்பள்ளியில் ரயில் ஏறிச் சென்னை. அங்கிருந்து பேருந்தில் நாகப்பட்டினம். நாகையிலிருந்து கப்பலில் காங்கேசன்துறை. இந்தக் கப்பல் போக்குவரத்து 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மீண்டும் தொடங்கியது. நான்கு மணி நேர அளவில் நாடு மாறி விடுகிறது, மொழி மாறவில்லை. காங்கேசன்துறையிலிருந்து பேருந்தில் யாழ்ப்பாணம். மறுநாள் காலை, யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு மற்றொரு பேருந்து. பண்ணைக் கடல்வழிச் சாலையைக் கடந்து வேலணை, பிறகு இன்னொரு கடல்வழிச் சாலை, அதன்பின் புங்குடுதீவு. இரு புறமும் ஆழமற்ற கடல். நடுவே ஒற்றைச் சாலை. அந்தச் சாலை முடியுமிடந்தான் குறிகட்டுவான் இறங்குதுறை.

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை இட்டனர். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. அனலைதீவு ராட்டர்டாம் ஆயிற்று. அந்தப் பெயர்களெல்லாம் மறைந்தன. நெடுந்தீவுக்கு இட்ட ‘டெல்ஃப்ட்’ மட்டும் இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகிறது. பெயர் கொடுத்தவன் கப்பலில் வந்தான், போனான். அங்கே தங்கிவிட்ட மக்களுக்கு வந்து போகும் வழிதான் இன்னும் இடர்ப்பாடாக இருக்கிறது.

குறிகட்டுவான் துறையில் ஒரு மணி நேரம் நின்றால் தீவுப் பொருளாதாரம் முழுவதும் கண்ணெதிரே விளங்கும். நயினாதீவுக்குப் படகுகள் அடுத்தடுத்துப் புறப்படுகின்றன. அங்கே நாகபூசணி அம்மன் கோயிலும் புத்த விகாரையும் இருக்கின்றன. நாடெங்கிலுமிருந்து யாத்திரிகர் வருகின்றனர். கால் மணி நேரப் பயணம். கை நிறையக் கூட்டம். நெடுந்தீவோ ஒரு மணி நேரக் கடல் தொலைவு. அங்கே போகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்கள், அலுவலர்கள். அரிசி மூட்டை, எரிவாயு உருளை, சீமெந்துப் பை. அதனால் படகுகளும் எண்ணிச் சிலவே. வருமானம் உள்ள திசையில் படகு பாய்கிறது. தேவை உள்ள திசையில் தயங்குகிறது. எந்த அரசும் தலையிடாமல் சந்தையின் கையில் விட்டால் நீர்வழி எங்கும் இப்படித்தான் ஆகும்.

என் பக்கத்தில் ஒரு மூதாட்டியார் மருந்துப் பையை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். “அம்மா, படகு எத்தனை மணிக்கு வரும்?” என்றேன்.

“வரேக்கை வரும், தம்பி,” என்றார் அவர், சிரித்துக்கொண்டே. பிறகு சற்று நேரம் கழித்து, “கடல்தான் எங்களுக்கு றோட்டு. றோட்டிலை குழி கிடந்தாப் பாத்துப் போகலாம். றோட்டே வராட்டி என்ன செய்யிறது?” என்றார்.

பௌதிகத்தில் நான் படித்த எந்தப் பாடமும் இத்தனை தெளிவாக எனக்குச் சொல்லப்பட்டதில்லை.

நெடுந்தீவுக்கு ஓடும் படகுகளில் ஒன்றன் பெயர் குமுதினி. அதை நடத்துவது கப்பல் துறை அன்று. இலங்கையின் வீதி அபிவிருத்தி அதிகார சபை. ஆம், சாலை போடும் துறை! படகு பாதையே என்பதை அரசாங்கமே ஏட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு பெருந்துயரம் உறைந்திருக்கிறது. 1985 மே 15-இல் நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினியை நடுக்கடலில் வழிமறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றனர். குழந்தைகள், பெண்கள் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொன்றவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் சாட்சி கூறினர். அதன் பிறகும் குமுதினி ஓடியது. நெடுந்தீவார் அதில் ஏறினர். அச்சமில்லாததால் ஏறினார்களா? வேறு பாதை இல்லாததால் ஏறினார்கள். ஒரு சாலையில் கொலை நடந்தால் நாம் சில நாள் வேறு தெருவால் சுற்றிப் போகலாம். தீவில் வாழ்பவனுக்குச் சுற்று வழி ஏது?

எண்ணப்படாத தலைகள்

பாதையைத் தன் பொறுப்பென்று கொள்ளாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்குக் கிண்ணியா சாட்சி. திருகோணமலை மாவட்டத்தில், குறிஞ்சாக்கேணியில், புதிய பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடியும் வரை அக்கரைக்குப் போக மக்களுக்கு இருந்தது ஒரு மிதவைப் பாதை. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. குறைந்தது அறுவர் மாண்டனர். அவர்களில் பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவர்கள் இருந்தனர். பாலத்துக்குத் திட்டம் தீட்டியவர்கள், அது எழும் வரை பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போவார்கள் என்பதையும் திட்டத்தின் ஒரு வரியாக எழுதியிருக்க வேண்டும். சாலை தோண்டும்போது மாற்றுச் சாலை அமைத்துத் தருகிறார்கள் அல்லவா? நீரில் மட்டும் அந்த நியதி ஏன் மறந்து போகிறது?

நம் நாட்டிலும் இதே பாடம் உண்டு. 2014 ஜனவரி 26, குடியரசு நாள். அந்தமானில் போர்ட் பிளேர் அருகே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவரிற் பலர் காஞ்சிபுரத்திலிருந்து சென்ற நம்மவர். படகு தாங்கக்கூடியதற்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தனர். உலகம் கண்ட மிகப் பெரிய அமைதிக்காலக் கப்பல் விபத்தும் தீவுகளுக்கிடையே ஓடிய பயணிக் கப்பலில்தான் நேர்ந்தது. 1987 டிசம்பர் 20-இல் பிலிப்பைன்சில் ‘டோனா பாஸ்’ என்னும் கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதித் தீப்பிடித்தது. பயணிகள் பட்டியலில் இருந்த பெயர்கள் ஏறத்தாழ 1,500. இறந்தோரோ 4,000-க்கும் மேல் என்று பின்னர் மதிப்பிட்டனர்.

இந்த எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலுக்கும் உண்மைக்கும் இடையே ஆயிரக்கணக்கான மனிதர்கள் எழுதப்படாமலே போயினர். கடலின் சீற்றத்தைக் குறை கூறிப் பயனில்லை. நெரிசலுக்குக் காரணம் படகுகளின் குறைவு; படகுகளின் குறைவுக்குக் காரணம், அதைச் சாலையாக எண்ணாமை. அடுத்த படகு அரை மணியில் வரும் என்ற உறுதி இருந்தால் எந்தத் தாய் தன் குழந்தையை நிரம்பிய படகில் ஏற்றுவாள்? எங்கள் ஈ.சி.ஐ.எல். நாற்சந்தியில் படிக்கட்டில் தொங்கும் இளைஞனும் அடுத்த வண்டியை நம்பாதவனே.

நட்டக் கணக்கு

‘சில ஆயிரம் பேருக்காக நட்டத்தில் படகு ஓட்ட முடியுமா?’ என்று கேட்கும் அறிவாளிகள் உண்டு. அவர்களை நான் ஒன்று கேட்கிறேன். ஐதராபாத்தில் நீங்கள் நாள்தோறும் ஏறி இறங்கும் மேம்பாலம் இலாபம் தருகிறதா? தெருவிளக்குக்கு யார் கட்டணம் வசூலிக்கிறார்கள்? நிலத்துச் சாலைக்கு நாம் நட்டக் கணக்கு எழுதுவதில்லை. அதனால் பெருகும் வாழ்வையே கணக்கில் கொள்கிறோம். அதே கணக்கு நீருக்கும் பொருந்த வேண்டும்.

ஸ்காட்லாந்தில் இதை ஒரு கொள்கையாகவே வகுத்தனர். தீவுப் படகில் செல்பவன், அதே தூரத்தைத் தரைச் சாலையில் கடக்க என்ன செலவாகுமோ அதையொட்டியே கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அக்கொள்கை. 2008-இல் சில தீவுகளில் சோதனையாகத் தொடங்கி, 2015-க்குள் மேற்குக் கரைத் தீவுகள் முழுவதற்கும் விரித்தனர். தீவில் பிறந்ததற்காக ஒருவன் தண்டம் கட்ட வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். குளிர்க்கடல் நாட்டார் கண்ட நீதி நம் வெப்பக் கடலுக்கு ஆகாதா?

இங்கே பௌதிக மாணவன் என்ற முறையில் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நீரைக் கிழித்துச் செல்லும் படகுக்கு நீர் காட்டும் தடை, ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகும். எனவே வேகத்தை இருமடங்காக்க வேண்டுமானால் எஞ்சினின் திறன் எட்டு மடங்காக வேண்டும். பயண நேரம் பாதியாகும். ஆனால் அதே தூரத்துக்கு எண்ணெய்ச் செலவு நான்கு மடங்காகும். அலை எழுப்புவதால் வரும் தடையையும் சேர்த்தால் இன்னும் மோசம். ஆகவே குளிரூட்டிய விரைவுப் படகு ஒன்று காலையிலும் மாலையிலும் பறப்பதைவிட, மிதமான வேகத்தில் செல்லும் எளிய படகுகள் நான்கு நாளெல்லாம் ஓடுவதே எண்ணெய்க்கும் சிக்கனம், ஏழைக்கும் நலம். நின்று காத்திருக்கும் நேரமும் பயண நேரந்தானே? ஒரு மணியில் கடக்கும் படகுக்கு ஐந்து மணி காத்திருப்பவன் ஆறு மணி பயணம் செய்கிறான்.

இந்தக் கணக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. கேரளத்தில் வைக்கத்திற்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரி முதல் ‘ஆதித்யா’ என்னும் படகு ஓடுகிறது. 75 பேர் அமரலாம். கூரையில் பரப்பிய சூரியத் தகடுகள் தரும் மின்சாரமே அதன் உணவு. இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிப் படகு அதுதான். அது மெல்லச் செல்வது. மெல்லச் செல்வதனாலேயே கூரைவெயில் அதற்குப் போதுமானதாகிறது. தந்தை பெரியார் 1924-இல் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்ற அந்த ஊரின் துறையிலிருந்து, இன்று எல்லாரும் ஏறும் படகு ஒன்று வெயிலைத் தின்று ஓடுகிறது. வைக்கம் நமக்குச் சொன்ன பாடமும் பாதையைப் பற்றியதே அன்றோ?

பாலம் போதாதா?

‘படகு எதற்கு? பாலம் கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது’ என்பார் சிலர். கட்டக்கூடிய இடத்தில் கட்டட்டும், மறுக்கவில்லை. சங்குப்பிட்டியில் 2011-இலும் மண்முனையில் 2014-இலும் பாலங்கள் வந்தன, மக்கள் மகிழ்ந்தனர். இராமேசுவரத்துக்கு 1914 முதல் ரயில் போயிற்று. சாலைப் பாலமோ 1988-இல்தான் வந்தது. ஆனால் நெடுந்தீவுக்குப் பாலம் கட்டுவார் யார்? போர்ட் பிளேரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் காம்பெல் பேக்குப் பாலம் ஏது? நிக்கோபார்த் தொகுதியில் கச்சால் என்றொரு தீவு உண்டு. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, 1970-களில் அங்கே ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டன. கடல் கடந்து தேயிலைக்குப் போன தலைமுறை, மீண்டும் கடல் கடந்து ரப்பருக்கு வந்தது. கப்பல் வரும் நாளே அவர்களுக்குத் திருநாள். அவர்களிடம் போய்ப் பாலத்தைப் பற்றிப் பேசுவோமா?

இன்னொன்றும் உண்டு. நிலத்துச் சாலையே எல்லா இடத்திலும் மேலானது என்பதும் பொய். அந்தமானில் வடக்கே செல்லும் பெருஞ்சாலை ஜாரவாப் பழங்குடியினரின் காட்டை ஊடறுத்துப் போகிறது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அக்காட்டுப் பகுதியில் சாலையை மூடும்படி உத்தரவிட்டது. அதன் பின்னும் வண்டிகள் காவலோடு அணி அணியாகப் போய்க்கொண்டே இருந்தன. அம்மக்களை வேடிக்கை பார்க்கச் சென்றவர்களும் இருந்தனர். நம் வசதிக்காக ஒரு சிறு இனத்தின் வாழ்விடத்தின் நடுவே நாள்தோறும் வண்டி ஓட்டுவதைவிடக் கடல்வழியைச் செம்மைப்படுத்துவது எவ்வளவோ மேல். அங்கே படகு, சாலையைவிட அறமுள்ள பாதை.

ஓடமும் வண்டியும்

‘ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்’ என்பது நம் பழமொழி. வாழ்வின் ஏற்ற இறக்கத்துக்குச் சொன்னது. போக்குவரத்துக்கு இதைவிட நல்ல கொள்கை வேறில்லை என்பேன். படகு கரை சேரும்போது பேருந்து நிற்க வேண்டும். பேருந்து துறை சேரும்போது படகு நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பாதை அறுந்தது. நெடுந்தீவில் மாவிலித்துறையில் இறங்கியபின், பவளக்கல் வேலிகளுக்கிடையே வெயிலில் நடந்தபோது எனக்கு இது நன்றாக உறைத்தது. நான் இளைஞன், தோளில் ஒரு பை, நடந்தேன். மருந்துப் பையோடு வந்த அந்த மூதாட்டியாருக்குத் துறையிலிருந்து வீடும் ஒரு பயணந்தான்.

இதை நம் முன்னோர் அறியாதவர்களா? 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை, சென்னையில் எடுத்த ஒரே சீட்டில் தனுஷ்கோடி வரை ரயிலிலும், தலைமன்னார் வரை கப்பலிலும், கொழும்பு வரை மீண்டும் ரயிலிலும் போக முடிந்தது. ‘போட் மெயில்’ என்று பாட்டன்மார் சொல்லுவது அதைத்தான். ரயில் வரும் நேரத்துக்குக் கப்பல் காத்திருந்தது. புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களின் தொடக்கத்தில் நின்றது. அறுபது ஆண்டுகளுக்கு முன் கைகூடியது இன்று கைகூடாது என்றால், வளர்ந்தது எது?

கூடும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கொச்சியில் 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர் மெட்ரோவில் தொடக்கக் கட்டணம் 20 ரூபாய். பத்துத் தீவுகளை இணைப்பது திட்டம். ரயில் மெட்ரோவுக்கு வாங்கிய அட்டையைக் காட்டியே படகிலும் ஏறலாம். மிதவைத் துறை நீர்மட்டத்தோடு ஏறி இறங்குவதால், சக்கர நாற்காலியில் வருபவரும் தடுமாறாமல் ஏறுகிறார். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட பிலிப்பைன்சோ, 2003-இல் நெடுஞ்சாலைகளையும் கப்பல்களையும் ஒரே வழித்தொடராகக் கோத்தது. பேருந்து பயணிகளோடு அப்படியே கப்பலில் ஏறி, அடுத்த தீவில் இறங்கி ஓடுகிறது. வண்டி ஓடத்தில் ஏறிற்று, பழமொழி பலித்தது. டோனா பாசைக் கண்ட நாடே இந்த வழியை மேற்கொண்டது என்பதை மறவாதீர்கள்.

நாம் செய்யத்தக்கது

இதையெல்லாம் மாணவர் மலரில் எழுதுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் விடுதியில் ஒவ்வொரு ஆண்டும் அந்தமான் பயணத் திட்டம் ஒன்று உருவாகாமல் இருப்பதில்லை. ‘எல்லாம் அடங்கிய’ கட்டணம் செலுத்தி, விமானத்தில் இறங்கி, தனியார் விரைவுப் படகில் அமர்ந்து, நீல நீரோடு படம் எடுத்துத் திரும்புவதுதான் பெரும்பாலோர் கண்ட தீவு. அதில் தீவு இருக்கிறது, தீவார் இல்லை.

போங்கள், தோழர்களே, கட்டாயம் போங்கள். ஆனால் பாதையில் நடப்பவர் போலப் போங்கள். சென்னையிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளில் கூடவரும் தீவுக்காரர்களிடம் கற்பது மூன்று நூல்களுக்குச் சமம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், சாத்தத்திலிருந்து பேம்பூ பிளாட்டுக்குப் போகும் அரசுப் படகில் ஒருமுறை ஏறுங்கள். பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றாகக் கடக்கும் அந்தச் சிறு பயணத்தில் தீவின் உயிர்த்துடிப்பைக் காண்பீர்கள்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. அரசுப் படகின் இருக்கை முதலில் தீவாருக்கு உரியது. அங்கே தீவாருக்கு ஒரு கட்டணமும் பிறருக்கு ஒரு கட்டணமும் இருப்பதைக் கண்டு முகஞ்சுளிக்கும் நண்பர்களை அறிவேன். அது மிக நியாயமான ஏற்பாடு. நமக்கு அது விடுமுறை. அவர்களுக்கு அது தெரு. மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணியின் இடத்தில் நம் பயணப் பை அமரக் கூடாது. இருக்கை இல்லையென்றால் அடுத்த படகுக்கு நிற்போம். நம்மால் நிற்க முடியும்.

படகில் ஏறியதும் உயிர்காப்பு அங்கி எங்கே என்று கேளுங்கள். ஏற்றக்கூடிய எண்ணிக்கை எத்தனை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மிகுதியாக ஏற்றினால் இறங்கி விடுங்கள். உரக்கச் சொல்லிவிட்டு இறங்குங்கள். படித்தவன் கேட்டால் படகோட்டி ஒரு கணம் தயங்குவான். அந்தத் தயக்கம் நாளைக்குச் சில உயிர்களைக் காக்கும்.

அரசாங்கங்களிடம் நாம் கேட்க வேண்டியவையும் பெரியவை அல்ல. நேரப் பட்டியல் துறையில் ஒட்டப்பட வேண்டும். ஒட்டிய நேரத்தில் படகு வர வேண்டும். கட்டணம் பேருந்துக் கட்டணத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஏறுவோர் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட வேண்டும். கரையில் பேருந்து காத்திருக்க வேண்டும். காற்றுக் காலத்தில் படகு நின்றால், நோயாளியைக் கொண்டு செல்ல மாற்று ஏற்பாடு அதே நாளில் இருக்க வேண்டும். நிலத்தில் வாழும் நமக்கு இவையெல்லாம் கேளாமலே கிடைத்தவை. கிடைக்காத நாளில் நாம் எவ்வளவு கூச்சலிடுகிறோம்!

ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி. அக்கரை சேர்ந்தால் நீ யாரோ, நான் யாரோ என்றொரு வழக்கும் நம்மிடையே உண்டு. அதை மாற்றுவோம். திண்டுக்கல்லிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கச்சாலிலிருந்தும் எங்கெங்கோ கரை சேர்ந்தவர்கள் நாம். நம் முன்னோர் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு வண்டியோ ஓடமோ உரிய நேரத்தில் வந்து நின்றதனால்தான் இந்தப் பல்கலைக்கழகத்தில் இன்று அமர்ந்திருக்கிறோம். வராத படகுக்காகத் துறையில் நிற்பவர் இன்னும் இருக்கிறார்கள். படித்த நாம் அவர்களுக்காகப் பேசுவோம்: சாலையின்றி ஓர் ஊர் இருக்கலாகாது என்றால், படகின்றி ஒரு தீவும் இருக்கலாகாது!